அம்மாவின் சேலைகளுக்கு முன்னால் ஒரு மைக்

முதல் நாள் பதிவின்போது வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா இல்லை. ஜொகூர் பாருவில் அக்காவுக்குப் பெண் பிள்ளை பிறந்திருந்தது. வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை என்பதால் பத்தியம் பார்க்க அம்மா போயிருந்தார். அக்காவும் மச்சானும் அங்கேதான். அப்பாவின் தொண்டையில் இருப்பது புற்று என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மா உடனே கிளம்புகிறேன் என்றுதான் சொன்னார். அப்பாதான் விடவில்லை.

"பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு அது தனியா என்னா செய்யும்? நீ அங்கயே இரு. இங்க தம்பி இருக்கான்" என்று போனில் கரகரத்தார்.

தம்பி இருந்தேன். தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை, அப்போது விடுமுறை. எங்கள் குடும்பத்தில் பட்டம்வரை படித்த முதல் ஆள் என்பதால் ஆஸ்பத்திரிக் காகிதம், மருத்துவரிடம் கேள்வி கேட்பது எல்லாம் என் தலையில். அப்பாவின் குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னவனும் நான்தான். அந்த வாக்கியத்தை எந்தப் பாடநூலிலும் நான் படித்திருக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் மலாய்க்காரப் பெண் எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். அறுவைக்குப் பிறகு மூச்சு கழுத்தில் போடும் துளை வழியாகத்தான் போகும், வாய் அசையும், சத்தம் வராது என்றார். அதற்குள் அப்பா அன்றாடம் சொல்லும் வாக்கியங்களை அவர் குரலிலேயே வீட்டில் பதிந்துவைக்கச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியமும் போனில் ஒரு பட்டனாக வரும். அழுத்தினால் அப்பா பேசுவார்.

"இப்பவே தொண்ட தகர டின்னு மாதிரி இருக்கு. இதப் புடிச்சி வச்சி என்னா பண்றதாம், கேளு" என்றார் அப்பா.

கேட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "கரகரப்பும் அவருடையதுதானே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, அமைதியான அறை வேண்டும், எதிரொலி கூடாது, மைக் வாய்க்கு நேராக வேண்டாம், ஒரு சாண் தள்ளிச் சற்றே ஓரமாக இருக்கட்டும் என்றார். அறுவைக்கு மூன்று வாரம் இருந்தது.

கோல சிலாங்கூரில் எங்களுக்கு இருப்பது ரப்பர் தோட்டத்தைவிட்டு வெளியேறியபோது கிடைத்த மலிவு விலை வீடு. சிமெண்டுத் தரை, சிமெண்டுச் சுவர், கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் மேசை. மைக்கை அந்த மேசைமேல் வைத்து அப்பாவை "தண்ணி வேணும்" என்று சொல்லவைத்தேன். போட்டுக் காட்டினேன்.

"என்னாடா இது, கக்கூஸ்ல உக்காந்து தண்ணி கேக்குற மாதிரி இருக்கு?"

அப்படித்தான் இருந்தது. வெறும் சுவர்கள் அவர் குரலை வாங்கித் திரும்பத் திரும்ப எறிந்தன. போதாததற்குக் குருவிச் சத்தம். எதிர் வரிசைக் கடைகளின் மேல்மாடி முழுக்கக் குருவி வீடு. ஜன்னல்களை அடைத்து, உள்ளே இருட்டாக்கி, குருவிகளின் குரலைப் பதிந்து ஒலிபெருக்கியில் விடிந்ததிலிருந்து அடையும்வரை போட்டுவிடுவார்கள். அதைக் கேட்டு நிஜக் குருவிகள் வந்து கூடு கட்டும். கூட்டை எடுத்துச் சூப்புக்கு விற்பார்கள். வருடக்கணக்கில் அந்தச் சத்தத்தோடே இருந்ததால் எங்களுக்கு அது கேட்பதே இல்லை. மைக்குக்கு மட்டும் நன்றாகக் கேட்டது.

இணையத்தில் தேடினேன். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் எதிரொலி அடங்கும் என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். முனையில் உள்ள பாயின் டீக்கடைக்குப் போனேன். ரொட்டிச் சானாய்க்கே ஒரு நாளைக்கு எத்தனை தட்டு முட்டை உடைகிறதோ, பின்பக்கம் அட்டை மலையாகக் கிடக்கும்.

"முட்ட வேணாமா? அட்ட மட்டுமா? என்னா தம்பி, வாத்தியார் வேலய வுட்டுட்டு கோழிப் பண்ண போடப் போறியா?" என்றார் பாய்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்கப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு தே தாரிக் கேட்டா எனக்கு உள்ள அடுப்படியில கேக்கும்லா. அந்தத் தொண்டைக்கா?" என்றார். பிறகு பையனைக் கூப்பிடாமல் அவரே அட்டைகளைக் கட்டித் தந்தார். வீட்டுக்குப் போகும்வரை அந்த வாக்கியம் என் பின்னால் வந்தது. 

ஒரு பகல் முழுதும் ஒட்டினேன். எதிரொலி அசையவில்லை. அந்த அட்டை மெலிது, சத்தத்தைத் தடுக்க அதற்கு உடம்பு போதாது என்று பிறகுதான் வேறொரு இடத்தில் படித்தேன். மறுநாள் காலை அட்டைகளில் மிச்சமிருந்த முட்டைச் சுவட்டைத் தேடிச் சுவர் முழுக்க எறும்பு. எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தோள் குலுங்கியது.

அதே இடத்தில் இன்னொன்றும் படித்திருந்தேன். கனமான துணி வேண்டும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதற்கு எதிரே நின்று பேசினால் சத்தம் உள்ளே போய்த் திரும்பாது. எங்கள் வீட்டில் துணி நிறைந்த அலமாரி ஒன்றுதான், அம்மாவுடையது.

"அவ அலமாரிய நான் தொறந்ததே இல்லடா" என்றார் அப்பா. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றார். நான் இரண்டு கதவுகளையும் விரித்தேன். பூச்சி உருண்டை வாசனை வந்தது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் எடுத்த சேலைகள், அக்கா கல்யாணத்துப் பட்டு, மடித்து அடுக்கிய தோத்தோ மெத்தை. முக்காலியை வைத்து மைக்கைக் கட்டினேன். அப்பாவின் பின்னால் கயிறு கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டேன். எதிரொலி இல்லை. முதல் தடவையாக அப்பாவின் குரல் மட்டும், காதுக்குப் பக்கத்தில், ஈரமாக, கேட்டது.

ஆனால் அது அப்பா பேசுகிற மாதிரி இல்லை.

அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் குரல் அது, நிரையின் அந்தக் கோடியில் நிற்பவனுக்கும் கேட்கும். பிறகு கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து திருவிழாவில் மைக் பிடித்தார். மைக்கைப் பார்த்தால் அவருக்குக் கோயில்தான் நினைவு வரும். முக்காலிக்கு முன்னால் நின்றதும் கைலியைச் சரிசெய்துகொண்டு, "அனைவருக்கும் வணக்கம். எனக்குக் குடிப்பதற்குத் தண்ணீர் தேவைப்படுகின்றது" என்றார்.

"சாதாரணமா பேசுங்கப்பா. வீட்ல பேசுற மாதிரி."

"மைக்குல பேசும்போது ஒரு மரியாத வேணாமா? நாலு பேரு கேக்குறது."

"யாரும் கேக்கல. நான் மட்டுந்தான்."

"நீயும் வாத்தியாருதான? எழுதிக் குடுத்தத பாரு, 'தேவைப்படுகின்றது'ன்னு."

அது உண்மை. ஆஸ்பத்திரியில் தந்த மலாய்ப் பட்டியலை நான்தான் நல்ல தமிழில் மாற்றி எழுதியிருந்தேன். காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு நான் கேள்வி கேட்பேன், அவர் பதில் சொல்வார். சோறு குழைந்திருந்தால் என்ன சொல்வீர்கள்? "இது சோறா, பசையா?" நான் விளக்கை அணைக்காமல் போனால்? "டேய், கரண்டு பில்ல உங்க மாமனாரா கட்டுவாரு?" கோபம் வந்தால்? அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அதையும் ஒரு பட்டனாக்கினேன். கோபத்தை விட்டுவிடாதீர்கள், எல்லாரும் அதை மறந்துவிட்டு அப்புறம் வருந்துவார்கள் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரிப் பட்டியலில் 'மனைவியைக் கூப்பிட' என்று ஒன்று இருந்தது. "அம்மாவ எப்படிக் கூப்புடுவீங்க?" என்று கேட்டேன்.

"அவள நான் எங்கடா கூப்புட்டேன்?" என்றார். தொண்டையைக் கனைத்தார். சேலைகளைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். பிறகு, "இங்க வா" என்றார், யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல. நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

காலையில் ஒரு மணி நேரம்தான் தொண்டை தாங்கும். பிறகு அப்பா படுத்துவிடுவார். நான் மடிக்கணினியில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் காதுக்குள் அப்பா ஓயாமல் பேசுவார், தண்ணி கேட்பார், திட்டுவார். காதுக்கருவியைக் கழற்றினால் வீட்டில் சத்தமே இருக்காது. எதிர் மாடியில் குருவி, சாலையில் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகும் சுற்றுலா வேன், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து அப்பா என்னோடு அவ்வளவு பேசியதில்லை. இப்போது பேசுகிறார், ஆனால் என்னிடம் அல்ல. இனி வரப்போகும் ஏதோ ஒரு நாளில் பக்கத்தில் இருக்கப்போகும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் நடுவில் மைக்கைப் பிடித்திருந்தேன்.

குருவிதான் மிச்சம். குருவி வீட்டுக்காரர் சிகிஞ்சானில் இருந்தார். போனில் தன்மையாகத்தான் பேசினார். ஒரு மணி நேரம் நிறுத்தினால் குருவி வேறு வீட்டுக்குப் போய்விடும், அப்புறம் திரும்பாது என்றார். ஆகவே சுத்தம் செய்யும் ஒரு செயலியை இறக்கினேன். அது எது பேச்சு, எது இரைச்சல் என்று தானாகவே பிரித்துவிடும். ஒரு பட்டன், அவ்வளவுதான். திரையில் அலை அலையாக ஓடிய கோட்டில் வாக்கியங்கள் மட்டும் மேடாக நின்றன, இடையில் எல்லாம் நேர்க்கோடு. குருவி போயிற்று. விசிறி போயிற்று. எல்லாவற்றையும் அப்படியே சுத்தம் செய்து, பழையதன் மேலேயே சேமித்தேன். மடிக்கணினியில் இடமில்லை. எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டார்.

"நல்லா தெளிவா இருக்குய்யா. ரேடியோவுல மாதிரி."

"புடிச்சிருக்காம்மா?"

"தண்ணி கேக்குறாரு, சோத்த திட்டுறாரு. எல்லாம் சரி. எனக்குன்னு எது?"

"'இங்க வா'ன்னு ஒன்னு இருக்கே, அது."

அம்மாவுக்குப் பின்னால் குழந்தை அழுதது. "அது யாரையோ கூப்புடுறாரு. என்னைய அவரு அப்படிக் கூப்புட்டது இல்ல" என்றார்.

"பின்ன எப்படிக் கூப்புடுவாரு?"

"கனப்பாரு."

போனை வைத்த பிறகுதான் எனக்கு எல்லாம் கேட்டது. தோட்டத்து லயத்து வீட்டில் பின்வாசலில் வந்து நின்று ஒரு கனைப்பு. அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வருவார். வரிசையில் ஒட்டி ஒட்டிப் பல வீடுகள், ஒவ்வொரு வீட்டு ஆம்பிளைக்கும் ஒரு கனைப்பு, எந்தப் பெண்ணும் அடுத்தவர் கனைப்புக்கு எழுந்ததில்லை. அப்பா அம்மாவைப் பெயர் சொல்லியோ, 'ஏய்' என்றோ கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அலமாரி முன்னாலும் அவர் என்னிடம் சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தார். கனைத்தார். நான் காத்திருந்தது வார்த்தைக்கு.

மடிக்கணினியைத் திறந்தேன். 'இங்க வா'வுக்கு முன்னால் ஒரு நேர்க்கோடு. அதை இரைச்சல் என்று எடுத்து வழித்துவிட்டிருந்தது.

அறுவைக்கு மூன்று நாள் இருந்தது. அப்பாவின் குரல் ஒவ்வொரு காலையும் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. தொண்டையைக் காறக் கூடாது, கனைக்கக் கூடாது என்று வேறு சொல்லியிருந்தார்கள். பயிற்சிப் பெண்ணைப் போனில் கேட்டேன். ஒன்றிரண்டு தடவை பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்து மைக்கை வைத்தேன். "அம்மாவக் கூப்புடுற மாதிரி கனைங்கப்பா."

அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மகன் அப்பாவிடம் கேட்கிற விஷயமில்லை அது. ஒருமுறை கனைத்தார். டாக்டர் 'இருமுங்க' என்றால் இருமுவோமே, அப்படி வந்தது. இன்னொரு முறை. அது வலித்திருக்க வேண்டும், கண்ணில் நீர் கட்டியது.

"வர மாட்டங்குதுடா. சும்மா நின்னா எப்படி வரும்? அவ உள்ள இருக்கணும்."

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வழி சொன்னதும் அவர்தான். "போன ஸ்பீக்கருல போட்டு அடுப்படியில வையி. நீ பேசாத. அவரயும் பேச வேணாம்னு சொல்லு. நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கேன்."

போனை எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் வைத்தேன். மைக்கை அலமாரியிலிருந்து கழற்றி அடுப்படி நிலையில் கட்டினேன். துணி இல்லை, போர்வை இல்லை, ஜன்னல் திறந்து கிடந்தது. ஜொகூரில் குழாய் திறந்தது. தட்டு தட்டோடு இடித்தது. யாருமில்லாத எங்கள் அடுப்படிக்குள் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்பா பின்வாசலில் போய்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்து நின்றார். நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். நேரம் போனது. அவர் வேலியில் காய்ந்த துணியைப் பார்த்தார். கோழி ஒன்றை விரட்டக் கையை ஓங்கினார். என்னை மறந்துவிட்டார் என்று தோன்றியது.

பிறகு கனைத்தார்.

"ஆங்... வர்றேன்" என்றது போன். குழாய் நின்றது.

அம்மா அதை யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் போனை எடுத்தபோது அந்தப் பக்கம் இணைப்பு இருந்தது. "கெடச்சிருச்சும்மா" என்றேன். "ம்" என்றார்.

கனைப்பின் வால் அடங்குவதற்குள் அம்மாவின் குரல் அதன்மேல் விழுந்திருந்தது. பிரிக்க முடியவில்லை. குருவியும் இருந்தது, போனின் இரைச்சலும் இருந்தது. செயலியைத் திறக்காமல் அப்படியே பட்டனாக்கினேன்.

அறுவை நடந்தது. கண் விழித்தபோது அப்பாவின் கழுத்தில் துளை, மூக்கில் குழாய், கையில் போன். நாங்கள் அவ்வளவு யோசித்துச் சேர்த்த சாப்பாட்டு வாக்கியங்களுக்கு அங்கே வேலையே இல்லை, குழாயில்தான் பால் போனது. ஆனாலும் தாதி பாலை ஊற்ற வரும்போதெல்லாம் "இது சோறா, பசையா?" என்ற பட்டனை அழுத்தினார். தமிழ் தெரியாத தாதி நல்லவேளை சிரித்தார். என்னைத் திட்டும் பட்டனையும் ஒருநாள் அழுத்தினார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

அம்மாவின் பட்டனை மட்டும் தொடவில்லை. தொலைந்துபோன ஒன்றைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பார், பக்கத்தைத் தள்ளிவிடுவார். வார்டில் நான் இருந்தேன், பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். கூப்பிட யாரும் இல்லை.

அக்கா வீடியோவில் கூப்பிட்ட ஒரு மதியம் அம்மா திரைக்கு வந்தார். குழந்தை மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா அப்பாவின் கழுத்தைப் பார்த்தார். அழக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்த முகம் அது. "வலிக்குதா?" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அப்பா என் போனில் அம்மாவைப் பார்த்தபடியே தன் போனைத் தடவி அழுத்தினார். 

கனைப்பு. "ஆங்... வர்றேன்."

பதில் சொல்லத் திறந்த அம்மாவின் வாய் அப்படியே நின்றது. தன் குரல் தனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டதை அவர் கேட்டார். அப்பா மறுபடி அழுத்தினார். மறுபடி. நான்தான் கையைப் பிடித்தேன். அம்மா குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரையைவிட்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, அம்மா அங்க வர்றாங்களாம். ஞாயித்துக்கெழம பஸ்ஸு. அப்புறம் இங்க திரும்ப மாட்டேன்னு சொல்லிட்டாங்க."

"பாப்பா?"

"அதுக்குத்தான் கூப்புட்டேன். நான் அடுத்த மாசத்துலேருந்து தெனம் சிங்கப்பூருக்குப் போயி வேலைக்கு ஏறணும்லா, லீவு அதுக்கு மேல இல்ல. அம்மா பாத்துக்குவாங்கன்னுதான் நெனச்சிருந்தோம். கீழ் மாடி மலாய்க்கார அக்கா பாத்துக்குறேன்னாங்க. மாசம் எழுநூத்தம்பது வெள்ளி கேட்டாங்க, பேசிக் கொறச்சிருக்கேன்."

"நான் பாதி தர்றேன்."

"உன் தற்காலிகச் சம்பளத்துலயா? சும்மா இருடா."

"தர்றேன்க்கா."

"அப்பாகிட்ட சொல்லாத. அம்மாவ திருப்பி அனுப்பிருவாரு" என்றாள்.

சொல்லவில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்தார். பிள்ளை நடந்து, பேசி, பாலர் பள்ளிக்குப் போகும் வயது வரும்வரை, அதைப் பார்த்துக்கொள்ளும் கீழ் மாடிக்காரருக்கு அக்காவும் நானும் சேர்ந்து கட்டுவது மாதம் அறுநூற்று ஐம்பது வெள்ளி.